எண்பத்தெட்டு நிமிடம்

வேலூர் ரோட்டு மாடியில் என் ஆபீசு.
சன்னலைத் திறந்தால் திருச்செங்கோட்டு மலை.
ரிக் வண்டி இரண்டும் யவத்மால் பக்கம்
யாருடைய பருத்திக்காட்டிலோ நிற்கின்றன.
நான் இங்கிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்,
போனில்.

எத்தனை அடிங்க, செங்கோட்டுவேலு?
பொடி என்ன நெறம்?
டீசல் எத்தனை லிட்டர் போட்டீங்க?
கேசிங் எத்தனை பைப்பு எறங்கியிருக்குது?
ஹேமர் சத்தம் எப்படி?
சத்தத்தைக்கூட விடவில்லை,
அவர் காதை இரவல் வாங்கிக் கேட்டேன்.

என் மேசையிலோ
வண்டி இன்சூரன்சு, போன மாதத்து ஜிஎஸ்டி,
பாக்கி வைத்தவர்களின் பட்டியல்.
எதையும் இரண்டாம் வரி தாண்டிப் படித்ததில்லை.
நின்ற இடத்துக்கு அடையாளமாய்
தாளுக்கு ஒரு டீ வளையம்.

ஒரு காலை பிரமிளா லெட்ஜரைத் தூக்கி வந்தாள்.
"கணக்கு ஒதைக்குதுங்க்கா.
ராத்திரி ஒம்பது மணி நேர வேலைங்கறாங்க,
மீட்டர்ல ஏழரைதான் ஓடியிருக்குது."

தூக்கமா, தண்ணியா, டீசலை விற்கிறார்களா?
கேட்டேவிட்டேன்.

"நீங்க கூப்புட்டா எஞ்சினை அமத்தோணுமுங்க்கா,
இல்லாட்டிக் காது கேக்காது.
நேத்து ராத்திரி பதினொரு தடவை.
பேசி முடிச்சு, மறுபடி காத்து ஏத்தி, ராடைச் சுத்தவுட
ஒரு தடவைக்கு எட்டு நிமிசம்."
கோபமில்லை.
ஆழம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

பதினொரு எட்டு எண்பத்தெட்டு.
அந்த நேரத்தில் நூறு அடி
தாராளமாய் இறங்கியிருக்கும்.
லெட்ஜரை வாங்கி
டீசல், பிட்டு, சாப்பாட்டுப் படிக்குக் கீழே எழுதினேன்:
முதலாளி, 88 நிமிடம்.
பிரமிளா சிரிக்கலாமா என்று பார்த்தாள்.

"கேசிங் இனி உங்க முடிவு.
பிட்டு எப்ப மாத்தறதுங்கறதும்.
எழுநூறு அடி தாண்டினா,
ஆளுக்கு அடிகிடி பட்டா,
நடுச்சாமமானாலும் கூப்புடுங்க.
மத்ததெல்லாம் சனிக்கிழமை பேசிக்கலாம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"நெசமாவாங்க்கா?"
சந்தோசமா பயமா,
இன்னும் எனக்குத் தெரியாது.

போனை பிரமிளாவிடம் கொடுத்தேன்.
பழைய பில் கட்டுக்கடியில் வைத்துவிட்டாள்.
பிடுங்கின பல்லின் குழிக்கு நாக்குப் போவதுபோல்
மேசை மூலைக்குக் கை
போய்ப் போய் வந்தது.
தலையைத் தூக்கினால் மலை.
மேலே இருப்பவர் உடம்பில் பாதியைக் கொடுத்தவர்,
கொடுத்த பாதி என்ன செய்கிறதென்று
மணிக்கொரு தரம் விசாரித்ததாய்
நான் கேள்விப்பட்டதில்லை.

இன்சூரன்சுத் தாளை எடுத்தேன்.
மூன்றாம் பக்கம். நான்காம் பக்கம்.
ஏழாம் பக்கத்தில் வேலையாட்கள் பட்டியல்.
ஹெல்ப்பர் பையன்கள் இருவர் பேரும்
அதில் இல்லை.
மூன்று வருசமாய் இல்லை.
எங்கோ அடிக்கிற ஹேமருக்குக் காது கொடுத்தவள்
என் மேசையில் இருந்ததைப் பார்க்கவில்லை.
அன்று மத்தியானச் சோறு ஆறிப்போனது.
பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரையும் சேர்த்துப்
பணமும் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அவரே கூப்பிட்டார்.
"ரெண்டு பைப்பு எச்சா எறக்கிட்டனுங்க்கா.
காட்டுக்காரர் அதுக்குக் காசு தரமாட்டேங்கறார்."
ஏன், என்பதில் பாதி
வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது.
மீதியை விழுங்கினேன்.
கேட்காமலே சொன்னார்:
"மண்ணு சரியறாப்புல தெரிஞ்சுதுங்க."
தெரிந்திருக்கும்.
பக்கத்தில் நின்றவர் அவர்.

"தண்ணி?"
"ரெண்டு இஞ்சுங்க்கா, நல்ல தண்ணி."
இன்னும் ஐந்து கேள்வி
நாக்கின் நுனியில் வரிசை கட்டி நிற்க,
"சரிங்க்கா, அடுத்த காட்டுக்கு வண்டி எடுக்கோணும்,
வெச்சரட்டுங்களா" என்று

முதல் முறையாக
அவர் போனை வைத்தார்.